ரோமானிய வீரனின் சுமையை நம்ம ஊர்த் தோட்டச் சாலையில் தூக்கி நடப்பது எப்படி

ரோமானிய வீரன் மாதிரி உடுத்திக்கொண்டு போட்டோ எடுக்க ஒரு மாலை நேரம் போதும். அவன் தூக்கிய எடையைத் தூக்கிக்கொண்டு பத்து கிலோமீட்டர் நடக்க வேண்டுமென்றால் உடம்பையும் பொருள்களையும் மாதக்கணக்கில் தயார் செய்ய வேண்டும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டச் சாலைகளில் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இதைச் செய்துவருகிறோம். பார்க்கிறவர்கள், சேர ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, மொத்தம் எத்தனை கிலோ என்றுதான். மொத்த எடையைவிட எந்தக் கிலோ உடம்பில் எங்கே உட்காருகிறது என்பதுதான் உங்களை நடக்க வைக்கும், அல்லது பாதி வழியில் உட்கார வைக்கும். இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றியதுதான்.

சரி, முதலில் எண்கள்.

வெஜீஷியஸ் என்ற ரோமானிய எழுத்தாளர், படையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் 60 ரோமானிய ராத்தல் சுமையோடு நடந்து பழக வேண்டும் என்கிறார். ஒரு ரோமானிய ராத்தல் சுமார் 327 கிராம், ஆக அது ஏறக்குறைய 20 கிலோ. சாதாரண ராணுவ நடையில் கோடைக்கால ஐந்து மணி நேரத்தில் 20 ரோமானிய மைல் போக வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். அது நம் கணக்கில் 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ரோமானியர்கள் பகல் பொழுதைப் பன்னிரண்டாகப் பிரித்ததால் கோடையில் அவர்களுடைய ஒரு மணி நேரம் நம்முடையதைவிட நீளம். ஐந்து மணி என்றால் நமக்கு ஆறு மணிக்கும் மேலே. ஆகவே வேகம் மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்குள்தான் வருகிறது, ஓட்டமெல்லாம் இல்லை.

ஆனால் கவசம், கேடயம், ஆயுதம், மூட்டை, சாப்பாடு எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினால் கணக்கு வேறு மாதிரி போகிறது. 1985-இல் ஜெர்மன் வரலாற்றாசிரியர் மார்க்குஸ் யுங்கல்மன் ஒரு சிறு குழுவோடு முழு ரோமானிய உடையில் இத்தாலியின் வெரோனாவிலிருந்து ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் வரை நடந்து போனார். அது போன்ற முயற்சிகளில் ஓர் ஆளின் மொத்தச் சுமை 40 கிலோவைத் தாண்டிவிடுகிறது. யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் ரோமானியப் படையை நேரில் பார்த்தவர். ரம்பம், கூடை, மண்வெட்டி, கோடாரி, தோல்வார், அரிவாள், சங்கிலி, அதற்கு மேல் மூன்று நாள் சாப்பாடு என்று அடுக்கிவிட்டு, பொதி சுமக்கும் கோவேறு கழுதைக்கும் காலாள் வீரனுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்கிறார். கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் தளபதி மாரியஸின் வீரர்களுக்கு 'மாரியஸின் கோவேறு கழுதைகள்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

இருபதா, நாற்பதா என்று குழம்ப வேண்டாம். போருக்கான சுமை ஒன்று, பயணத்துக்கான சுமை இன்னொன்று. சண்டை வந்தால் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு ஆயுதத்தோடு மட்டும் நிற்பார்கள். நீங்களும் இதை இரண்டாகப் பிரித்துத்தான் பழக வேண்டும்.

எல்லாவற்றையும் நிறுத்துப் பாருங்கள்

ஏர்போர்ட்டுக்குப் போகும்போது பெட்டியைத் தொங்கவிட்டுப் பார்க்கும் சின்ன மின்னணுத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய பொருளாக இருந்தால் பழைய இரும்புக் கடையில் கேட்டால் நிறுத்துக் கொடுப்பார்கள். விற்பவர் சொன்ன எடையை நம்பாதீர்கள். ஒவ்வொரு பொருளையும் தனியாக நிறுத்து, அதன் உள்பக்கத்திலேயே சின்ன டேப் ஒட்டி எழுதிவையுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில அளவுகள் தருகிறேன். கி.பி. முதலாம் நூற்றாண்டு வீரனுக்கு நல்ல மாதிரிப் பொருள்கள் பொதுவாக இந்த அளவில் வரும். தலைக்கவசம் 2 கிலோ. தகட்டுக் கவசமான லோரிகா செக்மென்டாட்டா 7 முதல் 9 கிலோ. வளையக் கவசமான லோரிகா ஹமாட்டா 10 முதல் 12, நீளமாக இருந்தால் இன்னும் கூடும். கிளாடியஸ் வாள் மட்டும் ஒரு கிலோவுக்குள், உறையும் வாரும் சேர்த்தால் இரண்டை நெருங்கும். குத்துவாளும் இடுப்பு வாரும் சேர்ந்து ஒன்றரை முதல் இரண்டு. பீலம் என்ற எறி ஈட்டி ஏறக்குறைய 2. ஆணி அடித்த காலிகே செருப்பு ஜோடி 1. கேடயம் 6 முதல் 10. இது போருக்கான சுமை. கூட்டினால் ஏறக்குறைய 22 முதல் 31 கிலோ வரை வரும். அதற்கப்புறம் போர்வை, வெண்கலச் சட்டி, தண்ணீர், டோலாப்ரா என்ற கோடாரிக் கடப்பாரை, முள்வேலிக் கம்பு, மூன்று நாள் கோதுமை. ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு 850 கிராம் கோதுமை என்று வைத்தால் மூன்று நாளைக்கு இரண்டரைக் கிலோ.

உங்கள் பொருள்கள் இந்த எண்களைத் தாண்டினால் அதற்குக் காரணம் இருக்கிறது. இப்போது விற்கும் மாதிரிகளில் பல, அசலைவிடத் தடியான தகட்டில் செய்தவை. தடிமன் கூடினால் நசுங்காது, வேலையும் சுலபம், அதனால் பட்டறைக்காரர்கள் அப்படிச் செய்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு 1 மில்லிமீட்டர் தடிமனுக்கு 7.85 கிலோ. 1.2 மில்லிமீட்டர் என்றால் 9.4. அதையே 1.5 ஆக்கினால் 11.8. கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீட்டர் உங்கள் தோளில் கிட்டத்தட்ட நான்கு கிலோவாக ஏறுகிறது. வளையக் கவசமும் அப்படித்தான். அசலில் வளையங்கள் 6, 7 மில்லிமீட்டர் அகலம், கம்பி ஒரு மில்லிமீட்டர் அளவு, ஒரு வரிசை ஆணியால் இறுக்கியது, அடுத்த வரிசை முழு வளையம். விலை மலிவானவற்றில் 10 மில்லிமீட்டர் வளையத்தை வெறுமனே வளைத்து மூடியிருப்பார்கள். பிரிந்துவிடாமல் இருக்கக் கம்பியைத் தடியாக்க வேண்டியிருக்கும், எடையும் கூடிப்போகும்.

இதற்கு நேர் எதிராக அலுமினியத்தில் செய்து போடுகிறவர்களும் உண்டு. பள்ளி விழா மேடைக்கு அது நல்லதுதான், பிள்ளைகளுக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் நடந்து பார்த்து ரோமானியன் எப்படி வாழ்ந்தான் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர் எடையைக் குறைத்துவிட்டால், அந்தக் கேள்வியையே வீட்டில் விட்டுவிட்டு வந்த மாதிரி.

கேடயம்

எடையில் அதிகம் பேர் அவதிப்படுவது இங்கேதான், நம் கையால் அதிகம் குறைக்கக்கூடியதும் இதில்தான்.

ஸ்கூட்டம் என்ற வளைந்த நீள்சதுரக் கேடயத்தில் முழுசாகக் கிடைத்தது ஒன்றே ஒன்று. சிரியாவின் டுரா-யூரோபோஸ் நகரத்தில் 1930-களில் தோண்டி எடுத்தார்கள். அந்த நகரம் கி.பி. 256 வாக்கில் பாரசீகரிடம் விழுந்தது, அதன் இடிபாட்டில் புதைந்து தப்பியது இந்தக் கேடயம். உயரம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மெல்லிய மரக்கீற்றுகளை மூன்று அடுக்காக, குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிச் செய்திருக்கிறார்கள், நம்ம பிளைவுட் செய்கிற அதே முறை. மொத்தத் தடிமன் 5, 6 மில்லிமீட்டர்தான்! எகிப்தில் 1900-இல் கிடைத்த இன்னொரு கேடயம் பழைய நீள்வட்ட வகை. அதே அளவில் திரும்பச் செய்தால் 10 கிலோ வருகிறது.

ஆகவே ஹார்ட்வேர் கடைக்குப் போய் 12 மில்லிமீட்டர் பிளைவுட் வாங்காதீர்கள். அது வளையவும் வளையாது. 2 அல்லது 3 மில்லிமீட்டர் தாள்களை வாங்கி, மரப்பசை தடவி, வளைந்த அச்சின் மேல் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். அச்சுக்கு மரச்சட்டம் அடித்துக்கொள்ளலாம், அல்லது பழைய தண்ணீர்த் தொட்டியின் வளைவு சரியாக இருந்தால் அதன் மேலேயே கட்டலாம். ஒரு மீட்டருக்கு 80 சென்டிமீட்டர் என்று வைத்து, 6 மில்லிமீட்டர் தடிமனில் மரம் மட்டும் மூன்று கிலோ வரும். மேலே துணியோ மெல்லிய தோலோ ஒட்டி, நடுக்குமிழ், விளிம்பு, கைப்பிடி எல்லாம் வைத்தால் ஆறு கிலோ. இது தூக்கக்கூடிய கேடயம். விளிம்புக்குப் பித்தளை வைத்தால் எடை ஏறும். டுரா கேடயத்தில் விளிம்புக்குப் பச்சைத் தோலைத் தைத்திருக்கிறார்கள். நாய்களுக்குக் கடிக்கக் கொடுக்கும் பதப்படுத்தாத மாட்டுத்தோல் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும், அதை ஊறவைத்துப் பிரித்தால் அருமையாக வரும்.

கைப்பிடி கிடைமட்டமாக, நடுவில், எடை சமமாகும் இடத்தில் இருக்க வேண்டும். கையை மடக்கி முன்னங்கையில் வார் போட்டுத் தூக்கும் கேடயம் இது கிடையாது. கையை நேராகக் கீழே தொங்கவிட்டுப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் எடை தசையில் ஏறாமல் எலும்பில் தொங்கும். பயணத்தில் கையில் பிடிக்கவே வேண்டாம். தோல் உறை போட்டு, குறுக்கு வாரால் முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள். உறை அலங்காரத்துக்கு இல்லை, மழைக்கு. நம்ம பக்கம் பிற்பகலில் மழை எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது, துணி ஒட்டிய பலகை தண்ணீர் குடித்தால் எடையும் கூடும், பசையும் விடும்.

தலைக்கவசத்தையும் நடக்கும்போது போடாதீர்கள். கி.மு. 57-இல் பெல்ஜியப் பகுதியின் நெர்வி இனத்தார் சீசரின் படைமீது திடீரென்று பாய்ந்தபோது, தலைக்கவசம் போடவும் கேடய உறையைக் கழற்றவும்கூட நேரம் இல்லாமல் போனது என்று சீசரே எழுதுகிறார். அதாவது வேலை செய்யும்போதும் நடக்கும்போதும் அவை கழற்றித்தான் இருந்தன. ரோமில் கி.பி. 113-இல் எழுப்பிய, போர்க் காட்சிகள் செதுக்கிய டிராஜன் தூணில் நடந்து போகும் வீரர்கள் தலைக்கவசத்தை வலது தோளிலிருந்து மார்பில் தொங்கவிட்டிருப்பதைப் பார்க்கலாம். இரண்டு கிலோ கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கிவிடுகிறது, தலை காற்று வாங்குகிறது. நம் வெயிலில் இது உயிர் காக்கிற விஷயம்.

கவசமும் அதற்கு உள்ளே இருப்பதும்

தகட்டுக் கவசம் உள்ளே தோல்வார்களில் கோர்த்துத் தோளிலிருந்து தொங்குகிறது. வயிற்றைச் சுற்றிய தகடுகளை இறுக்கிக் கட்டினால் கொஞ்சம் எடை இடுப்பு தாங்கும், ஆனால் பெரும்பகுதி தோள்தான். வளையக் கவசத்துக்கு ஒரு வழி உண்டு. இடுப்பு வாரை நன்றாக இறுக்கிவிட்டு, இரண்டு கையாலும் கவசத்தை வாருக்கு மேலே கொஞ்சம் இழுத்துவிட்டு மடிப்பு விழச் செய்யுங்கள். அந்த மடிப்புக்குக் கீழே உள்ள எடை முழுக்க இடுப்புக்குப் போய்விடும். தோளில் உடனே தெரியும். அரை மணிக்கொரு தடவை அந்த மடிப்பு இறங்கிவிடும், திரும்ப இழுத்துவிட வேண்டும்.

உள்ளே போடும் மெத்தைச் சட்டையில் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். கவசத்தின் பாரம் உடம்பை அழுத்தாமலிருக்கக் கம்பளியை அழுத்திச் செய்த நமுடாத் துணியால் உள்சட்டை செய்ய வேண்டும் என்று, பெயர் தெரியாத ஒருவர் ரோமானியப் பேரரசின் பிற்காலத்தில் எழுதியே வைத்திருக்கிறார். கம்பளி நமக்குச் சரிப்படாது. கடையில் விற்கும் பாலியெஸ்டர் பஞ்சும் வேண்டாம், அது வியர்வையைக் காயவிடாது. பருத்திப் பஞ்சு வைத்தால் ஒரு மணி நேரத்தில் வியர்வையில் ஊறி அரைக் கிலோ, முக்கால் கிலோ கூடிவிடும். நாங்கள் கடைசியில் நிலைத்தது இலவம் பஞ்சில். அது தண்ணீரை உறிஞ்சாது, இறகு மாதிரி லேசு. உள்ளே ஓடி ஒரு மூலையில் சேர்ந்துவிடும் என்பதால் இரண்டு விரல் இடைவெளியில் நெருக்கமாகத் தையல் போட வேண்டும். தோளில் மட்டும் இரட்டை அடுக்கு, முதுகிலும் மார்பிலும் ஒற்றை, அக்குளில் ஒன்றும் வேண்டாம், திறந்தே விடுங்கள்.

எடை எங்கே உட்கார வேண்டும் என்று உங்கள் ஊரிலேயே கற்றுக்கொள்ள இடம் இருக்கிறது. தைப்பூசத்துக்குப் பெரிய காவடி கட்டுகிறவர்களிடம் போய்க் கேளுங்கள். தோள் பட்டை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், இடுப்புப் பட்டை எந்த எலும்பின் மேல் உட்கார வேண்டும், மணிக்கணக்கில் நடந்தால் எந்த இடம் முதலில் புண்ணாகும் என்று அவர்களுக்குக் கைப்பழக்கமாகத் தெரியும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஓர் அண்ணன். கட்டைவிரலை இடுப்பெலும்பின் மேட்டில் வைத்து, "பட்டை இதுக்கு மேல உக்காரணும் தம்பி, வயித்துல உக்காந்துச்சுன்னா மூச்சு வாங்கும், கீழ எறங்குச்சுன்னா தொடை மரத்துப் போகும்" என்றார். சொல்லிவிட்டுப் பட்டையின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்து, ஒரு தையல் முடிச்சு உள்ளே துருத்திக்கொண்டிருந்ததைக் கத்தியால் வெட்டி எடுத்தார். அந்த அரிசியளவு முடிச்சு ஐந்து கிலோமீட்டரில் தோலைக் கிழித்துவிடும் என்று அவருக்குத் தெரிகிறது.

மூட்டைக் கம்பு

பயணச் சுமையை ரோமானியர்கள் முதுகுப் பையில் போடவில்லை. ஃபுர்கா என்ற குறுக்குக் கட்டை வைத்த கம்பில் கட்டி இடது தோளில் சாய்த்துக்கொண்டார்கள். டிராஜன் தூணில் அது தெளிவாகத் தெரிகிறது: தோல் பை, வலைப்பை, சட்டி, தூக்குவாளி. நான்கு அடிக் கம்பும் ஒன்றரை அடிக் குறுக்குக் கட்டையும் போதும். பால்மர (ரப்பர் மர) கம்பு கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் காயவைத்து, பூச்சி அரிக்காமல் எண்ணெய் பூசுங்கள்.

பால்மரம் வெட்டியவர்கள் வீட்டில் பிறந்தவர்களுக்குக் காண்டா வாளி ஞாபகம் வரும். காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் வாளி, எடை தானாகச் சமன்படும். ஃபுர்காவில் எடை ஒரு பக்கம்தான், முன்னால் கம்பைப் பிடித்து இழுக்கும் உங்கள் கைதான் அடுத்த வாளி. மூட்டை தோளிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவுக்குக் கை இழுக்க வேண்டியிருக்கும். ஆகவே மூட்டையைத் தோளுக்கு எவ்வளவு கிட்டே கொண்டுவர முடியுமோ கொண்டுவாருங்கள், கனமான பொருள் தோளை ஒட்டி, போர்வையும் லேசானவையும் கடைசியில். முதுகில் கேடயம் மாட்டியிருந்தால் அதன் மேல்விளிம்பில் மூட்டை சாய்ந்துகொள்ளும்படி நீளத்தை அமைத்துக்கொண்டால் கைக்கு வேலையே பாதியாகிவிடும்.

என் பெரியம்மா பல வருஷம் காண்டா தூக்கியவர். நான் வாசலில் கம்பைத் தோளில் வைத்துப் பார்ப்பதைக் கவனித்துக்கொண்டிருந்துவிட்டு வந்து, கம்பைக் கழுத்துப் பக்கத்திலிருந்து கொஞ்சம் வெளியே தள்ளி வைத்தார். "நரம்பு மேல வைக்காதய்யா, சதை மேல வை. காலை எட்டிப் போடாத, குட்டையா, வேகமா போடு. பால் சிந்தாம நடந்தா தோளும் நோகாது" என்றார். நீள அடி வைத்தால் ஒவ்வொரு அடிக்கும் மூட்டை மேலும் கீழும் குதிக்கும், அந்தக் குதிப்புதான் தோளை அடிக்கிறது. குட்டை அடியில் மூட்டை கிட்டத்தட்ட அசையாமல் வரும். அவர் சொன்னபடி நடந்து பாருங்கள், அதைவிடச் சுருக்கமான பயிற்சிக் குறிப்பு எனக்குத் தெரியாது.

கம்பைத் தோள் மாற்றப் பழகிக்கொள்ளுங்கள். தோல் பட்டையோ மடித்த துணியோ கம்புக்கு அடியில் வையுங்கள்.

உடம்பைப் பழக்குவது

உங்கள் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள் என்பது சுமை தூக்கி நடப்பவர்களுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு. 60 கிலோ ஆளுக்கு 20 கிலோ, வெஜீஷியஸ் சொன்ன அளவும் அங்கேதான் வந்து நிற்கிறது. 45 கிலோவைத் தூக்கிக் காட்டுகிறேன் என்று முதல் மாதத்திலேயே கிளம்புகிறவர்கள் முழங்காலோடு வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

முதலில் செருப்பு மட்டும். காலிகேயின் அடியில் ஆணிகள் இருக்கின்றன, நடையே மாறிவிடும். வேட்டியோ டிராக் பேன்ட்டோ கட்டிக்கொண்டு, செருப்பை மட்டும் போட்டு மூன்று நான்கு கிலோமீட்டர் நடந்து, எங்கே கடிக்கிறது என்று பாருங்கள். வட இங்கிலாந்தின் விண்டோலாண்டா ரோமானியக் கோட்டையில் கிடைத்த, மெல்லிய மரப்பலகையில் எழுதிய கடிதம் ஒன்றில், ஒரு வீரனுக்குக் காலுறை, செருப்பு, உள்ளாடை அனுப்பியதாக எழுதியிருக்கிறது, ஆகவே காலுறை போட வெட்கப்பட வேண்டாம். செம்மண் சாலையில் ஆணிகள் அழகாகப் பிடிக்கும். சிமெண்டிலும் டைல்ஸிலும் வழுக்கும். கி.பி. 70-இல் ஜெருசலேம் கோயிலின் வழவழப்பான கல்தரையில் ஜூலியானுஸ் என்ற நூற்றுவர் தலைவன் தனியாகப் பல பேரை விரட்டிக்கொண்டு ஓடும்போது ஆணிச் செருப்பு வழுக்கி விழுந்துதான் செத்தான் என்று ஜோசிஃபஸ் எழுதுகிறார். கோயில் முன்னாலோ கடை வாசலிலோ போக நேர்ந்தால் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சில வாரம் சாதாரண முதுகுப் பையில் 5 கிலோ அரிசிப் பை, அப்புறம் 10 கிலோ. அதற்கப்புறம் அரிசியை எடுத்துவிட்டுக் கவசம். அதற்கு அடுத்து கேடயம். ஒரு வாரத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் கூட்டுங்கள், தூரத்தையும் எடையையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். வலித்தால் எந்தப் பொருள் காரணம் என்று அப்போதுதான் தெரியும். மூட்டைக் கம்பு கடைசியில். வெஜீஷியஸ் காலத்துக்கு முன்பிருந்தே வீரர்களை மாதம் மூன்று தடவை முழு ஆயுதத்தோடு பத்து மைல் போய்த் திரும்ப வைப்பது வழக்கம். நாமும் வாரம் ஒரு தடவைக்கு மேல் முழுச் சுமை தூக்க வேண்டியதில்லை.

வெயில்

இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் இதைச் செய்கிறவர்கள் எழுதிய குறிப்புகளை அப்படியே இங்கே பின்பற்றக் கூடாது. அவர்களுக்குச் சுமைதான் எதிரி, நமக்குச் சூடு. கவசத்துக்குள் வியர்வை ஆவியாக வழியில்லை, காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது வெளியே வந்த வியர்வையும் காயாது, உடம்பு குளிர வேறு வழியும் இல்லை. தோட்டத்துக்குள் நிழல் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், செம்பனைக்கு அடியில் காற்று அசையாது.

விடிந்ததும் கிளம்புங்கள், பத்து மணிக்குள் கவசத்தைக் கழற்றிவிடுங்கள். மணிக்கு நான்கு கிலோமீட்டர் போதும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வெறும் தண்ணீராகவே அளவில்லாமல் குடிப்பதும் ஆபத்து, இடையில் ஹண்ட்ரட் பிளஸ் மாதிரி உப்புள்ளது ஏதாவது வேண்டும். ரோமானியர்கள் புளிக்காடி கலந்த தண்ணீர் குடித்தார்கள், விருப்பமிருந்தால் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரைத் தோல்பையில் வைத்துக்கொள்ளலாம். குடிக்கும் தண்ணீரும் சுமைதான், லிட்டருக்கு ஒரு கிலோ, கணக்கில் சேருங்கள்.

ஒருபோதும் தனியாகப் போகாதீர்கள். கூட ஒருவர் மோட்டார் சைக்கிளில் சாதாரண உடையில் வரட்டும், தண்ணீர் டின்னும் கத்திரிக்கோலும் அவரிடம் இருக்கட்டும். கத்திரிக்கோல் எதற்கென்றால், தகட்டுக் கவசம் கயிற்றாலும் தோல்வாராலும் கட்டியது, மயங்கி விழுந்த ஆளின் நனைந்த முடிச்சை விரலால் அவிழ்க்க முடியாது. எந்த வாரை வெட்டினால் கவசம் இரண்டாகத் திறக்கும் என்று குழுவில் எல்லாருக்கும் காட்டிவையுங்கள். ஒருவர் பேச்சு குழறினாலோ, குளிருகிறது என்று சொன்னாலோ, சம்பந்தமில்லாமல் எரிச்சல்பட்டாலோ நடையை அங்கேயே நிறுத்திக் கவசத்தைக் கழற்றி நிழலில் படுக்கவைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 999-க்கு அழையுங்கள். "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்ற பேச்சே கூடாது.

அனுமதி

தோட்டச் சாலை தனியார் நிலம், ஆபீஸில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். மருந்து அடிக்கும் நாளையும் குலை ஏற்றும் லாரி ஓடும் நேரத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். வெட்டிப்போட்ட மட்டைக் குவியல் பக்கம் ஓய்வெடுக்க உட்காராதீர்கள், பாம்பு இருக்கும். பொது இடத்தில் தக்க காரணமில்லாமல் ஆயுதம் வைத்திருப்பது நம் நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இரும்பு வாளையும் ஈட்டியையும் வெளியே கொண்டுபோகாதீர்கள். மர வாள், முனையில்லாத மர ஈட்டி போதும், முன்கூட்டியே போலீஸ் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். புதிய வீரர்கள் அசலைப்போல் இரு மடங்கு எடையுள்ள மர வாளில் பழகினார்கள் என்று வெஜீஷியஸே எழுதியிருப்பதால் இதில் வரலாற்றுக்குக் குறை ஒன்றும் இல்லை. செங்கால் மாதிரி கனமான மரத்தில் செதுக்கினால் எடையும் சரியாக வரும்.

நடந்து முடிந்ததும்

கழற்றும்போது மூட்டை, கேடயம், கவசம், கடைசியில் இடுப்பு வார் என்ற வரிசையில் போங்கள். வளையக் கவசம் போட்டவர் வாரை முதலில் அவிழ்த்தால் மொத்த எடையும் திடீரென்று தோளில் இறங்கும், ஆகவே அவர் மட்டும் குனிந்து, கூட ஒருவர் தலைவழியாக இழுக்க, அதற்கு முந்தைய நொடியில் வாரை விடட்டும். வீட்டுக்கு வந்ததும் உங்களையும் மெத்தைச் சட்டையையும் நிறுத்துப் பாருங்கள். கிளம்பும்போது இருந்ததைவிட ஒரு கிலோவுக்கு மேல் உங்கள் எடை குறைந்திருந்தால் அடுத்த முறை இன்னும் அதிகம் குடிக்க வேண்டும்.

இரும்பை அன்றைக்கே துடையுங்கள், மறுநாள் என்று விட்டால் நம் ஈரக் காற்றில் விடிவதற்குள் துரு பூத்திருக்கும். தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், சிக்குப் பிடித்து நாறும். தையல் மெஷின் எண்ணெய் மெல்லிசாகப் பூசினால் போதும். வளையக் கவசத்தைச் சாக்கில் போட்டுக் காய்ந்த மணலோடு ஒரு குலுக்கு குலுக்கினால் துரு போய்விடும். தோல் பொருள்களை வெயிலில் காயவைத்தால் வெடித்துவிடும், கட்டில் அடியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வராந்தாவில் காற்றுப்படும் இடத்தில் இரண்டு நாள் தொங்கவிட்டு, கைக்கு ஈரம் தெரியாதபோது எண்ணெய் தடவி எடுத்து வையுங்கள்.